சுப்பனுக்குப் போட்ட மனு

பெரியவளே, சின்னவனே,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது சின்னவன் ஒன்று கேட்டான். "அப்பா, அம்மா போன ஜில்லாவ யாரு பாத்துக்கறாங்க?" கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிவிட்டு, வெளியே போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தேன். காலையில்தான் துடைத்த வண்டி. வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் எழுந்து மறுபடி வண்டியைத் துடைக்கப் போய்விடுவேன். உங்கள் முன்னால் அது வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். ஒன்பதாவது வரை படித்தவன் எழுத்து இது. பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொண்டு தம்பிக்கு வாசித்துக் காட்டு.

போன வருஷம் பள்ளிக்கூடம் திறந்த சமயம் அம்மா குரோஷியாவுக்குப் போனாள். இங்கே பெங்களூரில் பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸில் அவள் தைத்த லைனை மூடிவிட்டார்கள். கார் சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனி அந்த நாட்டில் இருக்கிறது, தையல்காரிகள் வேண்டும் என்று ஒரு ஏஜென்ட் வந்து சொன்னான். வீட்டுக்கார அம்மாவிடம் அவள் போய்ச் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

"எல்லிகம்மா போறே? கொரியாவுக்கா?"

"கொரியா இல்லைங்கம்மா. குரோஷியா."

"அதேதான் நானும் சொல்றேன். அங்க எல்லாரும் பளபளன்னு இருப்பாங்க. வரும்போது எனக்கு அந்த மூஞ்சிக்குப் போடற கிரீம் ஒண்ணு எடுத்துக்கினு வா."

அதைக் கேட்டுப் பெரியவள் ஒரு நாள் பூராவும், அம்மா கொரியா சீரியல் ஊருக்குப் போகிறாள் என்று குதித்தாள். மேப்பில் காட்டிய பிறகுதான் அடங்கினாள். அந்த நாட்டு மேப் வாயைத் திறந்த மாதிரி இருக்கும். அதில் கிழக்கு ஓரம், கடைசி மூலையில் அம்மா போகிற இடம். ஒரு பக்கம் டான்யூப் என்ற ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் செர்பியா. தெற்கே போனால் இன்னோர் ஆறு, அதற்கப்பால் போஸ்னியா. வுக்கோவார்-ஸ்ரியெம் என்று ஜில்லாவின் பெயர். சின்னவனுக்கு வாயில் நுழையவில்லை. "அம்மா ஜில்லா" என்று வைத்துக்கொண்டான்.

அங்கே மத்தியானம் சாப்பாட்டு மணி அடிக்கும்போது இங்கே நான்கு மணி தாண்டியிருக்கும். நான் டெக் பார்க் வெளியே டெம்போவை நிறுத்திவிட்டு, வீட்டில் கொண்டுபோய் விட வேண்டிய கம்பெனி ஆட்கள் இறங்கி வரக் காத்திருப்பேன். அப்போதுதான் அவள் பேசுவாள். வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டே பேசுவாள்.

"ஏங்க, நம்ம பொம்மனஹள்ளி லைனே தேவலாம்ங்க. இங்க எனக்கு வலது பக்கம் உக்காந்திருக்கிறது ஹங்கேரி பாஷை. இடது பக்கம் செர்பியாக்காரம்மா. சூப்பர்வைசரு குரோஷியாக்காரு. வேன் ஓட்டறவரு ஸ்லோவாக்காம். கேன்டீன்ல ஒரு பெரியம்மா இருக்குது, அது ருசினாம்."

"ருசின்னா எந்த நாடு?"

"அதையேதான் நானும் கேட்டேன். எங்களுக்கு நாடே கிடையாதுன்னு சொல்லிட்டு சிரிக்குது. எப்பவோ வந்தவங்களாம். ரெண்டு மூணு ஊர்ல மட்டும் இருக்காங்களாம். அவங்களுக்குன்னு ஒரு கோயிலு, ஒரு பாஷை. சூப் ஊத்தும்போது எனக்கு மட்டும் கரண்டிய அடியில விட்டு எடுக்குது."

"உனக்கு அந்தம்மா பாஷை புரியுதா?"

"அதுக்கு என் பாஷை புரியுதா? நான் தமிழ்ல பேசறேன், அது அது பாஷையில பேசுது. ரெண்டு பேரும் ஒரு சண்டை போட்டதில்ல."

குரோஷியாக்காரர்களும் செர்பியாக்காரர்களும் பேசுவது ஏறக்குறைய ஒன்றுதானாம். எழுத்துதான் வேறு. முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்த ஊரில் பெரிய சண்டை நடந்து, ஊரே தரைமட்டமாகப் போனது. அதற்கு ரொம்ப நாள் கழித்து ஆபீஸ் சுவரில் இரண்டு எழுத்திலும் பெயர்ப் பலகை வைத்தபோது, சுத்தியலால் அடித்து உடைத்தார்களாம். அவள் இதைச் சொன்னபோது நான் டெம்போவில் இருந்து ரோட்டுக்கு எதிரே பார்த்தேன். ஒரு கடைக்காரர் ஏணியில் ஏறி, தன் பலகையில் கன்னட எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். "இங்கயும் போர்டு வேலைதான் நடக்குது" என்றேன். "அப்ப அங்க இருந்தா இன்னா, இங்க இருந்தா இன்னா" என்று சிரித்தாள்.

ஒரு நாள் அவர்கள் கம்பெனியைப் பார்க்க ஜில்லாத் தலைவர் வந்தார். அன்றைக்கு அவள் நம் மூன்று பேரையும் ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"இங்க கலெக்டருக்கு இன்னா பேரு தெரியுமா? சொல்லுங்க பாக்கலாம். சுப்பன்!"

"சும்மா சொல்லாதம்மா!"

"நிஜமாடா. ஜுப்பானோ, ஷுப்பானோ, என் காதுல சுப்பன்னுதான் உழுது. ஆளு பேரு வேற. உத்தியோகத்துக்கே பேரு சுப்பன். சூட் போட்டுக்கினு வந்தாரு. எங்க லைன்ல எல்லாருக்கும் கை குடுத்தாரு. எனக்கும்தான். கையில நூலு ஒட்டிக்கினு இருந்துது, அதோடவே குடுத்துட்டேன்."

அன்றைக்குச் சாயங்காலம் பூராவும் நீங்கள் இருவரும் வீட்டுக்குள் "சுப்பன் கலெக்டர் வர்றாரு, எழுந்து நில்லு" என்று ஒருவரையொருவர் மிரட்டிக்கொண்டிருந்தீர்கள்.

தீபாவளி முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை பேசினாள். ஆர்டர் குறைந்துவிட்டது என்று லைனில் பேசிக்கொள்கிறார்கள், பார்க்கலாம் என்றாள். மறுநாள் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நான் போட்டால் போகவில்லை. ஏஜென்டுக்குப் போட்டேன். முதலில் மணி அடித்தது, பிறகு அணைத்துவிட்டான். அவன் உட்கார்ந்திருந்த அறைக்குப் போனேன். அங்கே ஒருவர் செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தார். "இங்க இருந்தவங்களா? காலி பண்ணிட்டாங்க அண்ணா" என்றார். அவர் மேல் என்ன தப்பு இருக்கிறது? ஆனாலும் அந்த உறைகளை எல்லாம் வாரி ரோட்டில் எறிய வேண்டும் போல இருந்தது.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். வெளிநாட்டு விஷயம், டில்லிக்கு எழுது என்றார்கள். டில்லிக்கு எழுதினேன். கிடைத்தது என்று பதில் வந்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அம்மா வேலை செய்த கம்பெனியின் சரியான பெயர்கூட என்னிடம் இல்லை. காகிதங்கள் எல்லாம் அவள் பையில் போய்விட்டன. என்னிடம் இருந்தது ஜில்லாவின் பெயரும், அவள் போனில் பேசியதும்தான்.

அப்போதுதான் எனக்குச் சுப்பன் ஞாபகம் வந்தது.

என் ஊர் தர்மபுரிப் பக்கம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குக் கல்யாணம் ஆகாத காலத்தில் எங்கள் தெருக் குழாயில் ஒரு கோடை முழுவதும் தண்ணீர் வரவில்லை. யார் யாரிடமோ சொல்லிப் பார்த்தோம். கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலிக் குடங்களோடு கலெக்டர் ஆபீஸுக்குப் போனோம். திங்கட்கிழமைதான் மனு வாங்குகிற நாள். கலெக்டர் மனுவைப் படித்தார், பக்கத்தில் நின்ற இன்ஜினியரைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். மறுநாள் குழாயில் தண்ணீர். அன்றைக்கு என் மனதில் பதிந்தது இதுதான்: கலெக்டர் பார்த்துவிட்டால் போதும். போலீஸ், தாசில்தார், ஆஸ்பத்திரி எல்லாம் அவர் கண்ணசைவில் ஓடும். இந்தச் சுப்பன் அம்மாவைப் பார்த்தவர், கை கொடுத்தவர். அவர் கண்ணில் மனு பட்டால் அன்றைக்கே ஆள் அனுப்புவார் என்று நம்பினேன். எப்படி நம்பினேன் தெரியுமா? மனு எழுதப் போகிற அன்று தலைக்குக் குளித்துவிட்டுப் போனேன்.

காக்ஸ் டவுனில் ஒரு மிஸ் இருக்கிறார். முன்பு நான் பள்ளிக்கூட வேன் ஓட்டியபோது அங்கே இங்கிலீஷ் டீச்சர். ரிட்டையர் ஆகிவிட்டார். சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டார்.

"மிஸ், கலெக்டருக்கு ஒரு மனு எழுதணும்."

"இங்க டி.சி.ன்னுதான் சொல்வாங்க தம்பி. எந்த டி.சி.?"

"இங்க இல்ல மிஸ். சுப்பன்."

"சுப்பனா? அது யாரு?"

விவரம் சொன்னேன். மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தேடினார். அந்த உத்தியோகத்துக்கு இங்கிலீஷில் வேறு ஏதோ சொல்கிறார்கள், அதையே போடலாமா என்று கேட்டார்.

"வேணாம் மிஸ். கலெக்டர்னே போடுங்க. பெரிய போஸ்ட்டா தெரியணும்."

போட்டார். மேன்மை தங்கிய கலெக்டர் அவர்களுக்கு என்று ஆரம்பித்து, அம்மாவின் போட்டோ, அவள் உயரம், இடது புருவத்துத் தழும்பு, அவள் சொன்ன ஊர் அடையாளங்கள், கடைசியாகப் பேசிய நாள் எல்லாம் எழுதினார். கம்ப்யூட்டரில் ஒன்று, தபாலில் ஒன்று அனுப்பினோம். தபாலில் நான் என் கையால் தமிழில் ஒரு வரி சேர்த்தேன். ஐயா, நீங்கள் அவளுக்குக் கை கொடுத்திருக்கிறீர்கள் என்று எழுதினேன். அதை அங்கே யார் படிப்பார்கள் என்று அப்போது யோசிக்கவில்லை.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில்தான் நான் அந்த ஜில்லாவைச் சுற்றிப் பார்த்தேன். டெம்போவில் உட்கார்ந்து, செல்போனில். என்ன பார்க்கிறாய் என்று நீங்கள் எட்டிப் பார்த்தால் அணைத்துவிடுவேனே, அது இதுதான். டூரிஸ்ட்டுகள் எடுத்துப் போட்ட வீடியோக்கள்.

வுக்கோவாரில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. செங்கல் நிறத்தில், நம் ஊர் ஓவர்ஹெட் டேங்க்கைவிடப் பெரியது. சண்டையில் குண்டு பட்ட ஓட்டைகளை அடைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். மேலே ஏறிப் பார்க்கலாம். ஏறினால் ஆறு தெரிகிறது. ஆற்றங்கரையில் மஞ்சள் பூச்சு பூசிய ஒரு பெரிய மாளிகை, இப்போது மியூசியம். கொஞ்சம் தள்ளி இன்னொரு மியூசியம். மண்ணுக்கு அடியில் கிடைத்த ஒரு பாத்திரத்துக்குப் புறா என்று பெயர். ஆயிரக்கணக்கான வருஷம் பழையதாம். மூன்று கால் வைத்த புறா. இலோக் என்ற ஊரில் கோட்டைக்கு அடியில் திராட்சை ஒயின் வைக்கும் குகை. வின்கோவ்ட்ஸி என்ற ஊரில் அறுப்புக் காலத் திருவிழா. பூவேலை செய்த வெள்ளைத் துணியில் ஆயிரம் பேர் ஆடுகிறார்கள், குதிரை வண்டி வருகிறது. கேன்டீன் பெரியம்மா அந்தத் திருவிழாவுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னது என்று அம்மா ஒருமுறை சொல்லியிருந்தாள்.

வீடியோவில் பேசுகிறவர்கள் புறாவைக் காட்டுவார்கள். நான் புறாவைப் பார்க்க மாட்டேன். அவர்கள் தோளுக்குப் பின்னால் போகிறவர்களைப் பார்ப்பேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள், பாலத்தில் சைக்கிள் தள்ளுகிறவர்கள், கடை வாசலில் பையோடு நிற்கிற பெண்கள். திருவிழா வீடியோ ஒன்றில் மாநிறத்தில் ஒரு பெண் தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு கூட்டத்தில் திரும்பினாள். நிறுத்தினேன். பின்னால் போனேன். மறுபடி ஓடவிட்டேன். முகம் புள்ளி புள்ளியாக உடைந்தது. டெம்போவுக்கு வந்த கம்பெனிப் பெண் ஒருத்தி கண்ணாடியைத் தட்டி, "அண்ணா, லேட் ஆகுது" என்றாள். வண்டியை எடுத்தேன். சிக்னலில் நிறுத்தி மறுபடி பார்த்தேன். அது அம்மா இல்லை. மூக்கு வேறு. அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

தண்ணீர்த் தொட்டி வீடியோவின் கீழே நானும் ஒன்று எழுதிப் போட்டேன். பெரியவளின் பழைய இங்கிலீஷ் கிராமர் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுதினேன். அம்மாவின் பெயரைப் போட்டு, என் மனைவி இந்த ஊரில் தையல் வேலை செய்தாள், காணவில்லை, பார்த்தவர்கள் சொல்லுங்கள் என்று. பதில்கள் வரத் தொடங்கின. மொழிபெயர்க்கும் பொத்தானை அழுத்தினேன். முதல் ஆள், எங்கள் ஊருக்கு வந்தவர்களை நாங்கள் நன்றாகத்தான் வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார். அடுத்தவர், எங்கள் ஊர் என்கிறாயே, யார் ஊர் என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே ஒருவர் வேறு எழுத்தில் எழுத, இந்த எழுத்தில் எழுதாதே என்று இன்னொருவர் எழுத, அவர்களுடைய பழைய சண்டை மொத்தமும் அம்மாவின் பெயருக்குக் கீழே நடந்தது. நான் கீழே இறக்கிக்கொண்டே போனேன். ஒருவராவது தையல் என்ற வார்த்தையை எழுதியிருக்கிறாரா என்று தேடினேன். இல்லை.

பிறகு ஜில்லா ஆபீஸில் இருந்து பதில் வந்தது. மிஸ் போன் போட்டு வரச் சொன்னார். பஸ்ஸில் போகும்போது எனக்கு ஒரே எண்ணம்தான். ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள், அதனால்தான் மிஸ் போனில் சொல்லவில்லை. கண்டுபிடிக்காவிட்டாலும் போனில் சொல்ல மாட்டார்கள் என்பது தோன்றவே இல்லை.

மிஸ் ஒரு தடவை படித்து, தமிழில் சொன்னார். மரியாதையான பதில்தான். உங்கள் கவலையைப் பகிர்ந்துகொள்கிறோம் என்று இருந்தது. ஆனால் ஆளைத் தேடுவது, வெளிநாட்டார் வேலை அனுமதி இவையெல்லாம் தங்கள் கையில் இல்லை, மனுவைப் போலீசுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

"அவரு ஒரு போன் போட்டாப் போதுமே மிஸ்? கலெக்டராச்சே?"

"தம்பி, அவர் கலெக்டர் இல்ல." மிஸ் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "நானும் அன்னைக்கு உங்க முகத்தைப் பார்த்து ஒண்ணும் சொல்லாம டைப் பண்ணிட்டேன். அவர் ஓட்டு வாங்கி வந்தவர். நம்ம ஜில்லா பஞ்சாயத்துத் தலைவர் இல்ல, அந்த மாதிரி. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, டூரிஸ்ட் எடம், அதெல்லாம் பாத்துப்பார். போலீஸ் தலைநகரத்துல இருக்கிற மந்திரிக்குக் கீழ."

"அப்ப அந்த ஜில்லாவுக்குக் கலெக்டரு யாரு மிஸ்?"

"யாரும் இல்ல தம்பி."

அவர் மேலும் படித்துச் சொன்னார். அந்த ஜில்லாவுக்கு ஒரு சபை இருக்கிறது, அதையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். சின்னக் கூட்டமாக இருக்கிற ஜனங்களுக்கு இடம் கிடைக்காமல் போகக் கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். செர்பியாக்காரர்களில் இருந்து துணைத் தலைவர் உண்டு. ஹங்கேரிக்காரர்களுக்கு, ஸ்லோவாக்குகளுக்கு, அந்த ருசின்களுக்குக்கூடப் பேச ஆள் இருக்கிறது.

"நாடே இல்லாதவங்களுக்குக்கூடவா மிஸ்?"

"ஆமா."

"நம்ம ஆளுங்களுக்கு?"

மிஸ் உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். நான் குடித்தேன். சண்டை போட்டுச் செத்து, கடைசியில் எல்லா ஜனத்துக்கும் ஒரு நாற்காலி போட்ட ஜில்லா அது. நல்ல காரியம்தான். அந்த நாற்காலிகளை எண்ணியபோது ஊசியோடு போன நம் அம்மா அங்கே இல்லை. ஓட்டு இருக்கிறவர்களுக்குத்தான் சுப்பன் பதில் சொல்ல வேண்டும். சின்னவனே, நீ கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான். அந்த ஜில்லாவைப் பலர் பார்த்துக்கொள்கிறார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்வது அதில் யார் வேலை என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இனி எழுதப் போவதுதான் உங்களிடம் இதுவரை சொல்ல முடியாமல் வைத்திருந்தது.

போன வாரம் ஒரு பெண் எனக்குச் செய்தி அனுப்பினாள். கேன்டீன் பெரியம்மாவின் மகளாம். அவளும் வேலைக்காக ஊரை விட்டு ஜெர்மனிக்குப் போனவள். அந்தத் தண்ணீர்த் தொட்டி வீடியோவில், சண்டைக்கு மேலே நான் எழுதியதைப் பார்த்திருக்கிறாள். உடனே தன் அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறாள். அவள் எழுதியதை மிஸ்ஸிடம் காட்டி உறுதிப்படுத்திக்கொண்டுதான் எழுதுகிறேன்.

தீபாவளி முடிந்த அந்தச் சமயம் கம்பெனியில் அந்த லைனை மூடினார்கள். நம் நாட்டுப் பெண்களை ஒரு காலையில் விடுதி வாசலில் நிறுத்தி, ஏஜென்ட் ஆட்கள் ஒரு வேனைக் கொண்டுவந்தார்கள். வேறு நாட்டில் வேலை இருக்கிறது என்றார்கள். எந்த நாடு என்று பெரியம்மாவுக்குத் தெரியாது. புது சிம் போட வேண்டும் என்று செல்போன்களை வாங்கிக்கொண்டார்கள். பெரியம்மா விஷயம் கேட்டு ஓடிவந்து அம்மா கையில் ரொட்டியும் ஆப்பிளும் கொடுத்திருக்கிறது. அம்மா அழவில்லையாம். பெரியம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு வேகமாக, நிறைய பேசியிருக்கிறாள். பெரியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாளாம், வேன் கதவு சாத்துகிற வரைக்கும். அந்த ஒரு வார்த்தையைப் பெரியம்மா மறக்காமல் வைத்திருந்தது. மகளிடம் சொன்னது. மகள் காதில் விழுந்தபடி இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, இது என்ன, ஊர்ப் பெயரா, ஆள் பெயரா, இதை வைத்துத் தேடலாமா என்று கேட்டிருந்தாள்.

சோலிதுங்கா என்று எழுதியிருந்தாள்.

நான் அதை வாய்விட்டுப் படித்தேன். இரண்டாம் தடவை படிக்கும்போது விளங்கியது. அது ஊர் இல்லை. சொல்லிடுங்க. அம்மா பெரியம்மாவிடம் என்னவோ சொல்லிவிட்டு, சொல்லிடுங்க, சொல்லிடுங்க என்று கேட்டிருக்கிறாள். எதைச் சொல்லச் சொன்னாள் என்பது அந்தப் பெரியம்மாவின் காதில் விழுந்து, நிற்காமல் போய்விட்டது. எந்த நாட்டுக்குப் போகிறோம் என்று சொன்னாளோ, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாளோ, தெரியாது. நாம் மூன்று பேர்தான் புரிந்துகொண்டிருப்போம். நாம் யாரும் அந்த வாசலில் இல்லை.

மிஸ் அதை எல்லாம் எழுதி டில்லிக்கும், அந்த நாட்டுப் போலீசுக்கும் அனுப்பிவிட்டார். அந்தப் பெண்ணும் ஜெர்மனியில் இருந்து தன் பங்குக்கு எழுதுகிறாள். இதுவரை ஒன்றும் வரவில்லை. வரும் என்று உங்களுக்கு எழுத எனக்குத் தைரியம் இல்லை. வராது என்று எழுதக் கையும் வரவில்லை. சொல்லச் சொன்னாள், அதனால் தெரிந்ததைச் சொல்லிவிட்டேன்.

அந்தச் செய்தி வந்த அன்று காலை டிரிப்பை முடித்து, ஆட்களை எல்லாம் இறக்கிவிட்டேன். சர்வீஸ் ரோட்டில் ஒரு மரத்தடியில் டெம்போவை நிறுத்தினேன். அம்மாவின் பெங்களூர் நம்பருக்குக் கெடு முடியப்போகிறது, விட்டால் அந்த நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். என் செல்போனில் இருந்து அதற்கு ரீசார்ஜ் போட்டேன். மாதத்துக்கு வேண்டுமா, வருஷத்துக்கு வேண்டுமா என்று கேட்டது. வருஷத்தை அழுத்தினேன். ஆயிற்று என்று காட்டும் வரை காத்திருந்துவிட்டு, வண்டிக்குள் கீழே கிடந்த காலித் தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிப் பையில் போட்டேன்.